குன்றில் ஒரு கண், கடையில் ஒரு பலகை

தல்கோல் கிராமம், தென் கொரியா,
ஜூலை 20, 2016

அன்பு மகள் உன்சிலுக்கு,

சித்தப்பா பன்தோல் எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் நலம். அங்கே சீனாவில், சிங்தாவ் நகரில் நீயும், உன் வீட்டுக்காரர் ஜியாலினும், உன் மாமியாரும், உன் கடைக்கு நான் செதுக்கிக் கொடுத்த பெயர்ப்பலகையும் நலமா?

கைப்பேசியை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் தபால் போடுகிறார் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஏவுகணையை அடிக்கிற ஏவுகணை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள். அமெரிக்காக்காரனுடையது. வடக்கே இருப்பவன் எதையாவது வீசினால் இது எழுந்துபோய் வானத்திலேயே அதை நொறுக்குமாம். கூடவே ஒரு ரேடார். அதன் கண் கடலைத் தாண்டி சீனாவுக்குள்ளும் போகும் என்று சீனாக்காரனுக்குக் கோபம். போகாது என்று இவர்கள் சொல்கிறார்கள். போகாத கண்ணை எதற்கு இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள் என்று நான் கேட்டேன். ஊர்க்கூட்டத்தில் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

விமான எதிர்ப்புப் பிரிவில் நான் பட்டாளச் சேவை செய்தது உனக்குத் தெரியும். ஒருமுறை இரண்டு விமானங்களை வெறுமனே முறைத்தே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ரேடார் வந்துவிட்டால் கைப்பேசியில் பேசுவதெல்லாம் நேராக அதன் வாயில் போய் விழும். நாம் குடும்ப விஷயம் பேசுவோம், அமெரிக்காக்காரன் உட்கார்ந்து கேட்பான். காகிதத்தை அதனால் படிக்க முடியாது. நாம்தான் மடித்து வைத்திருக்கிறோமே. ஆகவே இனிமேல் தபால்தான்.

மாவட்டத் தலைநகரில் பெண்கள், ரேடார் அலையில் முலாம்பழம் கொடியிலேயே வெந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். வெந்தால் சூப்பாக விற்போம் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

பலகைக்கு மழைக்காலத்தில் எண்ணெய் தடவு. சாதாரண மரம் இல்லை அது, பெர்சிமன் பழ மரம், கொஞ்சினால்தான் பேசும். பதிலைப் பொய்யில்லாமல் எழுது.

சித்தப்பா


சிங்தாவ்,
ஆகஸ்ட் 14, 2016

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். முழங்கால்களுக்கு ஒரு மருந்துப்பட்டை அனுப்பியிருக்கிறேன், இரண்டுக்கும் சேர்த்து.

நீங்கள் விமான எதிர்ப்புப் பிரிவில் சோறு ஆக்கினீர்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். உயிரோடு இருந்த வரை அந்தக் கதையைச் சொல்லித்தான் அவர் சிரிப்பார். விமானங்கள் உங்கள் முறைப்புக்குத் திரும்பினவா, பார்லிச் சோற்றின் வாசனைக்கா?

கடை நன்றாக நடக்கிறது. மதியம் வாசலில் வரிசை நிற்கிறது. பக்கத்து வங்கியில் வேலை பார்க்கும் திரு. கோங் தினமும் வருகிறார். காரமான அரிசிக்கேக் ஒரு தட்டு, கிம்பாப் சோறு ஒரு சுருள், அது மாறவே மாறாது. நேற்று உங்கள் பலகையை அண்ணாந்து பார்த்து, “அக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?” என்றார். “தல்கோல் வீடு. எங்க ஊர் பேரு” என்றேன். “எழுத்தெல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி இருக்கே” என்றார். உடனே என் மாமியார் கல்லாவிலிருந்து, “செதுக்கினவரு அப்படி. எழுத்து மட்டும் வேற எப்படி இருக்கும்?” என்றார். கல்யாணத்தில் நீங்கள் எத்தனை தட்டு காலி செய்தீர்கள் என்பதை அவர் இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தெருவில் கொரிய எழுத்தில் பெயர் வைத்த கடை நம்முடையது மட்டும்தான். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் வருகிறார்கள். எண்ணெய் தடவிவிட்டேன்.

உங்கள் உன்சில்


தல்கோல்,
அக்டோபர் 9, 2016

அன்பு மகளுக்கு,

நலம். அறுவடைத் திருநாள் முடிந்து உன் அப்பா சமாதியில் புல் வெட்டிவிட்டேன். உன் பெயரைச் சொல்லி ஒரு கிண்ணம் மது ஊற்றினேன். மிச்சத்தை அவர் சார்பில் நான் குடித்தேன்.

சோறு ஆக்கினேன் என்பது உண்மை. சோறில்லாமல் எந்தப் பீரங்கி சுடும்? அதையும் சேர்த்து உன் அப்பா சொல்லியிருக்க வேண்டும்.

நீ போன கடிதம் எழுதிய நாட்களில் மாவட்டமே மொட்டை அடித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான பேர் பூங்காவில் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தோம். நான்தான் முன்வரிசை. என் நாற்காலிக்கு வந்த நாவிதர் என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இங்க ஏற்கெனவே போராட்டம் முடிஞ்சிருச்சே” என்றார். இருந்தாலும் நான் எழுந்திருக்கவில்லை. எந்திரத்தை வெறும் தலையில் ஓட்டச் சொன்னேன். செய்திக்காரர்கள் என்னைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். வெளிச்சம் நன்றாக விழுந்ததாம்.

இவ்வளவு செய்தும் பலன் என்ன தெரியுமா? தலைநகருக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று முடிவாகி, நம் ஊருக்குப் பின்னால் இருக்கிற கோல்ஃப் மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். பணக்காரர்கள் பந்தை அடித்துத் தேடிக்கொண்டிருந்த இடம். நம் முலாம்பழக் கொட்டகை வாசலில் நின்றால் அந்தக் குன்று தெரியும்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. மழை வரும் என்று சொல்லி ஒருவன் என் தலைக்கு மேலே குடை பிடிக்கிறான். நான் கேட்கவில்லை. பிடித்த குடையின் கம்பி பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் குத்துகிறது. அவன் குடைக்காரனை அடிப்பானா, நனையாமல் நிற்கிற என்னை அடிப்பானா? குடைக்காரன் ஆள் பெரியவன். இதை நான் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். ஓக்புன் மட்டும் அடைக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரி, உனக்கு ஞாபகம் இருக்கும். “வானத்துல வர்றத அப்புறம் தடுக்கலாம். உங்க வாயிலேருந்து வர்றத தடுக்க ஏதாச்சும் கண்டுபிடிச்சிருக்காங்களா?” என்றாள். சாலையில் கூடாரம் போட்டு வண்டிகளை மறிக்கப் போகிறோம். தளபதி நான். ஓக்புன் தானும் தளபதி என்கிறாள்.

சீனாவில் உன்னிடம் யாரும் இதைப் பற்றிக் கேட்கிறார்களா? பலகையைப் பற்றி எழுது. பொய்யில்லாமல்.

சித்தப்பா


சிங்தாவ்,
மார்ச் 26, 2017

அன்புள்ள சித்தப்பா,

உங்கள் அக்டோபர் கடிதமும் புத்தாண்டுக் கடிதமும் கிடைத்தன. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். எல்லோரும் நலம். யாரும் எதுவும் கேட்பதில்லை.

கடையில் மதிய நேரத்தில் இப்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. வேலை குறைந்ததால் மாமியார் எனக்கு முட்டைக்கோஸ் வைத்த மாவுக்கொழுக்கட்டை மடிக்கக் கற்றுத் தருகிறார். என் மடிப்பைப் பார்த்து, “இது கொழுக்கட்டையா, காதா?” என்கிறார். கொழுக்கட்டையும் விற்கலாம் என்று நினைக்கிறோம். ஒரு மாறுதலுக்கு.

தபால்தான் நல்லது என்று நீங்கள் சொன்னது சரி. படம் காட்டிப் பேசும் அழைப்பெல்லாம் வேண்டாம். தபாலே எழுதுவோம்.

பலகை நன்றாக இருக்கிறது.

முலாம்பழம் முதல் அறுவடை ஆகியிருக்குமே. அந்த வாசனை இங்கே வரைக்கும் வந்தால் நன்றாக இருக்கும்.

உன்சில்


தல்கோல்,
ஏப்ரல் 30, 2017

அன்பு மகளுக்கு,

நலம். பழம் நலம். கூடாரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறது.

அது வந்துவிட்டது. நான்கு நாட்களுக்கு முன்னால் விடியும் நேரத்தில் பெரிய வண்டிகளில் ஏற்றி, எங்களை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு, குன்றுக்குக் கொண்டுபோனார்கள். நான் தனியாக ஒரு வண்டியின் முன்னால் நின்று கையைத் தூக்கினேன். வண்டி நின்றது. ஓட்டுநர் கண்ணில் பயம் தெரிந்தது. (அந்த வண்டி பால் வண்டி என்று ஓக்புன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை.)

அது வந்ததிலிருந்து பூவுக்காகக் கொட்டகையில் வைத்த என் தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பும்போது ஒரு சுற்று அதிகமாகச் சுற்றுகின்றன. யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். கூட்டுறவுச் சங்கம் கொடுத்த நாட்காட்டியில் ஆசியாப் படம் இருக்கிறது. குன்றின் மீது அடிக்கோலை வைத்து அந்தக் கண் பார்க்கிற திசையில் ஒரு கோடு இழுத்தேன். கோடு கடலைத் தாண்டி எங்கே போய் இறங்கியது தெரியுமா? சிங்தாவில். உன் கடை மேலேயே. நாட்காட்டியில் ஒரு சாண்கூட இல்லை. அந்த ரேடாரால் அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒரு பந்தைக்கூடப் பார்க்க முடியும் என்கிறார்கள். அப்படியானால் உன்னைப் பார்க்கும். நீ பாத்திரம் கழுவுவதைப் பார்க்கும். நீ யார் என்று ரேடாரில் உட்கார்ந்திருக்கிற பையன்களுக்குத் தெரியாதே, எதிரி என்று நினைத்துவிட்டால்?

ஆகவே ஒன்று செய். கடைக் கூரையில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டு. நம் பழத்தின் நிறம். குன்று வாசலில் காவல் நிற்கிறவர்களிடம் நான் சொல்லிவைக்கிறேன்: மஞ்சள் துணி தெரிந்தால் அது தல்கோல்காரன் வீட்டுப் பெண் என்று.

பிறகு, பலகையோடு கடைமுகப்பைப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. பதிலைப் பொய்யில்லாமல் எழுது.

சித்தப்பா


சிங்தாவ்,
ஜூன் 11, 2017

அன்புள்ள சித்தப்பா,

நலம். நீங்கள் கேட்ட படம் இதனுடன் இருக்கிறது. பலகை வெயிலில் எப்படி மின்னுகிறது பாருங்கள்.

மஞ்சள் துணியும் கட்டிவிட்டேன். நீங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த மேசைவிரிப்பைக் கிழித்துக் கட்டினேன். மாமியார் அண்ணாந்து பார்த்து, “எதுக்கு?” என்றார். “எங்க சித்தப்பா மலையிலேருந்து பாப்பாரு” என்றேன். “பாத்தா எனக்கும் ஒரு கும்பிடு போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

நீங்கள் கூடாரத்தில் அதிக நேரம் உட்கார வேண்டாம். வண்டிகள் முன்னால் நிற்கவும் வேண்டாம். பால் வண்டியாக இருந்தாலும்.

உன்சில்


தல்கோல்,
ஜூலை 2, 2017

அன்பு மகளுக்கு,

படம் வந்தது. ஊரில் பார்க்காதவர் இல்லை. கூடாரத்தின் கம்பத்தில் ஒட்டிவைத்தேன். சிங்தாவ் நகரமே காலையில் எழுந்து என் கையெழுத்தைப் படித்துவிட்டுத்தான் பல் துலக்குகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

உன் கடை வாசலில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் பஞ்சுக் கோட்டும் கழுத்துத்துணியும் போட்டிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில்கூட அங்கே கடற்காற்று குளிரும் போலிருக்கிறது. நல்லது. வெயில் உனக்கு ஆகாது.

இந்த முறை பழம் இனிப்பாக இருக்கிறது. நகரத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, “இது இருட்டுல ஒளி விடுமா?” என்று கேட்டாள். “கொஞ்சம் விடும், படிக்கிற அளவுக்கு விடாது” என்றேன். அவள் பழத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஓக்புன் என்னை விறகுக்கட்டையால் அடிக்க வந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமியாருக்குக் கும்பிடு போட்டேன், குன்றைப் பார்த்துத்தான். உனக்கு எப்போது எழுத முடிகிறதோ அப்போது எழுது.

சித்தப்பா


தல்கோல்,
செப்டம்பர் 20, 2017

அன்பு மகள் உன்சிலுக்கு,

சித்தப்பா நலம். அவர் சொல்ல நான் எழுதுகிறேன். நான் ஓக்புன். என் கையெழுத்து அவருடையதைவிட நன்றாக இருக்கும். நான் சேர்ப்பதை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன், குழப்பம் வேண்டாம்.

மகளே, இந்த மாதம் ஏழாம் தேதி மிச்சம் இருந்த ஏவுகணை வண்டிகளும் வந்தன. ஆயிரக்கணக்கில் போலீஸ். நான் எட்டுப் பேரை ஒரே கையால் தள்ளிக்கொண்டு முன்னேறினேன். அப்போது வலது மணிக்கட்டில் சின்ன முறிவு. (போலீஸ் நூறு கஜத்துக்கு அப்பால் நின்றது. இவர் பதற்றத்தில் பின்னால் நடந்து பாசனக் கால்வாயில் விழுந்தார். தவளை ஒன்று மட்டும் எதிர்த்தது.) கட்டு போட்டிருக்கிறார்கள். உளி பிடிக்கிற கை. (அழுதார். எழுத வேண்டாம் என்கிறார். எழுதிவிட்டேன்.)

கை சும்மா இருந்ததால் காலுக்கு வேலை கொடுத்தேன். குன்று வாசலுக்குப் போனேன். காவல் நின்ற சார்ஜென்ட் நம் பக்கத்து மாவட்டத்துக்காரர், திராட்சை விவசாயி மகன். அவரிடம் கேட்டேன்: “தம்பி, ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லு. சிங்தாவ்ல என் அண்ணன் மகள் கடை இருக்கு. கூரையில மஞ்சத் துணி கட்டியிருக்கா. அங்க வாசல்ல பலகை தொங்குதா இல்லையான்னு மட்டும் சொல்லு.” அவர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. “ஐயா, இது மேல பறக்குறத மட்டுந்தான் பாக்கும். கடை, வீடு, மனுஷங்க எதுவும் இதுக்குத் தெரியாது” என்றார். “பந்துகூடத் தெரியும்னாங்களே?” என்றேன். “பறக்குற பந்து ஐயா. உங்க பலகை எழும்பிப் பறந்து வந்தா கட்டாயம் தெரியும்” என்றார்.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். இரண்டு பெரிய நாடுகள் இந்தக் கண்ணுக்காக ஒரு வருஷமாக முறைத்துக்கொள்கின்றன. கடல் தாண்டிப் பார்க்கும் என்று ஒருவன், பார்க்காது என்று இன்னொருவன். கடைசியில் அதற்கு ஒரு பெயர்ப்பலகைகூடத் தெரியாதாம்.

ஆகவே நீதான் சொல்ல வேண்டும்.

ஜூன் மாதத்தில் பஞ்சுக் கோட்டு யாரும் போடுவதில்லை மகளே. எனக்கு அன்றைக்கே தெரியும்.

(இதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னார். அப்படியே எழுதியிருக்கிறேன். உண்மையை எழுது பெண்ணே, தாங்கிக்கொள்வார். ஓக்புன்.)


சிங்தாவ்,
அக்டோபர் 15, 2017

அன்புள்ள சித்தப்பா, அன்புள்ள ஓக்புன் அத்தை,

கை எப்படி இருக்கிறது? எலும்பு சூப் குடிக்கிறீர்களா? நான் பக்கத்தில் இல்லையே என்று இரண்டு நாட்கள் எழுத முடியவில்லை.

பலகை மார்ச் மாதமே கீழே வந்துவிட்டது. அந்தப் படம் போன குளிர்காலத்தில் எடுத்தது.

மார்ச் முதல் வாரத்தில் அந்த ஏவுகணைக்கு எதிராகத் தெருவில் கூட்டம் கூடியது. கொரியப் பொருள் வாங்காதே, கொரியக் கடைக்குப் போகாதே என்றார்கள். ஒரு வாரத்தில் மதிய வரிசை இல்லாமல் போனது. யாரும் கல் எறியவில்லை, யாரும் என்னைத் திட்டவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். திரு. கோங் மட்டும் ஒருநாள் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. “அக்கா, நான் இங்க சாப்பிட்டா ஆபீஸ்ல பேசுவாங்க. கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, தலை குனிந்து போனார். அன்றைக்குச் செய்திருந்த அரிசிக்கேக்கை நாங்கள் மூவரும் சாப்பிட்டோம். மூன்று நாட்கள் சாப்பிட்டோம்.

அப்புறம் கட்டடத்தின் சொந்தக்காரர் வந்தார். கெட்டவர் இல்லை. “அந்தப் பலகைய எறக்குங்க, இல்லேன்னா கடையக் காலி பண்ணுங்க. என் கட்டடக் கண்ணாடிக்கு நான் பயப்படணும்ல” என்றார். நான் காலி செய்துவிடலாம் என்றேன். ஊர்ப் பெயரை இறக்கிவிட்டு எதற்குக் கடை என்று தோன்றியது. மாமியார்தான் ஏணி எடுத்து வந்து ஏறினார். அறுபத்தெட்டு வயதில். “பலகைய எறக்குறேன். கடைய எறக்க மாட்டேன்” என்றார்.

குப்பையில் போடச் சொல்வார் என்று நினைத்தேன். சமையலறைக்குள் கொண்டுபோய், இரண்டு மரப்பெட்டிகள் மேலே குப்புறப் போட்டார். எழுத்து தரையைப் பார்க்க, முதுகு மேலே. அதில் மாவு கொட்டிப் பிசைய ஆரம்பித்துவிட்டார். “நல்ல மரம். மாவு ஒட்டல. உங்க சித்தப்பாவுக்கு மரம் பாக்கத் தெரியுது” என்றார். அன்றிலிருந்து தினமும் அதன் மேல்தான் கொழுக்கட்டை. பெயரில்லாத கடையில் பெரும்பாலும் கொழுக்கட்டைதான் விற்கிறோம். ஏதோ நடக்கிறது. வருஷக் கடைசியில் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

பலகை தொங்குகிறது என்றே உங்களுக்கு ஒவ்வொரு முறையும் காட்டிக்கொண்டேன். நீங்கள் அங்கே கூடாரத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

மஞ்சள் துணி மட்டும் உண்மை சித்தப்பா. அது இன்னும் கூரையில்தான் இருக்கிறது.

உன்சில்


தல்கோல்,
நவம்பர் 5, 2017

மகளே,

சித்தப்பா நலம். (எழுதுவது ஓக்புன். கட்டு அடுத்த வாரம் பிரிப்பார்கள்.)

உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். (நிறைய நேரம்.)

உன் மாமியாருக்குச் சொல்: நான் பன்னிரண்டு பலகைகள் செதுக்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு, கூட்டுறவுக்கு, அரிசி ஆலைக்கு. எல்லாம் சும்மா தொங்குகின்றன. ஒன்றுகூட ஒருநாள் வேலை செய்ததில்லை. உன் கடையில் இருப்பது மட்டும்தான் உழைத்துச் சாப்பிடுகிறது.

கொரியாவும் சீனாவும் சமாதானமாகப் போவதாகச் செய்தியில் சொன்னார்கள். எப்படிச் சண்டை வந்தது என்றும் எனக்குப் புரியவில்லை, எப்படி முடிந்தது என்றும் புரியவில்லை. குன்றில் அது அங்கேயேதான் நிற்கிறது, ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை. முறைத்தவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். உன் கடை வரிசையை யார் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று அந்தச் செய்தியில் சொல்லவில்லை.

பலகையைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று எனக்காக எதுவும் செய்யாதே. கடை இருந்தால் போதும்.

(இதுவும் அலங்காரமில்லாமல் சொன்னதுதான். இரண்டாவது முறை. எனக்கே பயமாக இருக்கிறது.)


சிங்தாவ்,
டிசம்பர் 17, 2017

அன்புள்ள சித்தப்பா, அத்தை,

எல்லோரும் நலம். இந்த முறை உண்மையாகவே.

கட்டடத்தின் சொந்தக்காரர் போன வாரம் வந்து, இப்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை, வேண்டுமானால் பலகையை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். ஜியாலின் ஏணி எடுத்து வந்தார். மாமியார் பலகையை விடவில்லை. “மறுபடியும் எறக்கச் சொல்ல மாட்டாங்கன்னு யாரு எழுதிக் கொடுத்தா? மலை மேல அது இன்னும் நிக்குதுல்ல?” என்றார். எனக்கு மாட்டவும் பயம், மாட்டாமல் இருக்கவும் பிடிக்கவில்லை.

கடைசியில் அவரே வழி சொன்னார். பலகையை வாசல் கண்ணாடிக்குப் பின்னால், கடைக்குள்ளே, திருப்பி மாட்டியிருக்கிறோம். தெருவிலிருந்து பார்த்தால் கத்திக்கீறலும் மாவுக்கறையும் உள்ள வெறும் மரம். உள்ளே வந்து உட்காருபவருக்கு மட்டும் எழுத்து தெரியும்.

செவ்வாய்க்கிழமை திரு. கோங் வந்தார். கதவைப் பாதி திறந்து, வரலாமா என்று கேட்பதுபோல நின்றார். நான் அரிசிக்கேக்கை அடுப்பில் ஏற்றினேன். உட்கார்ந்து நிமிர்ந்தவர் பலகையைப் பார்த்துவிட்டார். “இது எப்ப உள்ள வந்துச்சு?” என்றார். மாமியார் கல்லாவிலிருந்து தலை தூக்காமல், “வெளிய குளிரா இருந்துச்சு. உள்ள வந்துருச்சு” என்றார். திரு. கோங் மெதுவாகச் சாப்பிட்டார். எழுந்து போகும்போது கிம்பாப் ஒரு சுருள் கட்டித் தரச் சொல்லி, ஆபீசுக்கு எடுத்துப் போனார்.

கடையைத் தொடர்கிறோம். மாமியாருக்கு இப்போது மாவு பிசையப் பலகை இல்லை. தினமும் அதைச் சொல்லித்தான் என்னை எழுப்புகிறார்.

உன்சில்


தல்கோல்,
ஜனவரி 14, 2018

அன்பு மகளுக்கு,

நானே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது, கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மற்றபடி நலம். முலாம்பழ நாற்று நட்டாயிற்று, தேனீப் பெட்டி வந்துவிட்டது. அவை இப்போது ஒரு சுற்று குறைவாகத்தான் சுற்றுகின்றன.

தனிப் பொட்டலத்தில் உன் மாமியாருக்கு ஒரு பலகை வருகிறது. அதே பெர்சிமன் மரத்தின் இன்னொரு துண்டு. எழுத்து எதுவும் இல்லை. உளி பிடிக்க வரவில்லை என்பதால் இல்லை. மாவுப் பலகைக்கு எழுத்து எதற்கு. இழைத்தது நான். பாதி ஓக்புன்.

குன்றில் அது இருக்கிறது. நாங்களும் கூடாரத்தில் இருக்கிறோம். சார்ஜென்ட் என்னைப் பார்த்தால், “ஐயா, பலகை?” என்று கேட்பார். “உள்ள இருக்கு” என்பேன். அது அவருக்குப் போதும்.

ஒரு சின்ன உதவி. பலகையை உள்பக்கமாகத் திருப்பி மாட்டச் சொல்லி உனக்கு யோசனை கொடுத்ததே நான்தான் என்று கூடாரத்தில் சொல்லிவிட்டேன். பட்டாளத்தில் இதற்கு மறைப்பு உத்தி என்று பெயர் என்றும் சொன்னேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஓக்புன் மட்டும் உன் கடிதத்தைக் காட்டு என்கிறாள்.

“ஆமாம், சித்தப்பா சொல்லித்தான் செய்தோம்” என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. இந்த ஒரு தடவை மட்டும் பொய் எழுது.

உன் சித்தப்பா
பன்தோல்